எறிபொருள் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம் (எவ்வளவு தள்ளி விழும் என்ற தூரம்) மூன்றுக்கும் சூத்திரம் மனப்பாடமாகத் தெரியும். ஆனாலும் புதிதாக ஒரு கணக்கைப் பார்த்தால் கை ஓடுவதில்லை. அதிலும் கோபுர உச்சியிலிருந்தோ குன்றின் விளிம்பிலிருந்தோ எறிவதாகக் கணக்கு வந்துவிட்டால் விடை தப்பாகவே வருகிறது. என்ன செய்வது?

கொஞ்ச நாளைக்கு அந்தச் சூத்திரங்களை மறந்துவிடுங்கள் என்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பறக்கும் நேரத்துக்கும் நெடுக்கத்துக்கும் நீங்கள் மனப்பாடம் செய்திருப்பவை, எறிந்த அதே மட்டத்தில் பொருள் வந்து விழும்போது மட்டுமே செல்லும். கோபுரத்திலிருந்து எறிந்த கல் தரையில் விழுகிறது. மட்டம் மாறியதும் சூத்திரமும் செல்லாக்காசு. பெரும உயரத்தின் சூத்திரம் மட்டும் தப்பிக்கும். அதுவும் எறிந்த புள்ளியிலிருந்து உயரத்தை அளந்தால்தான். மாணவர்களின் தாள்களில் நான் பார்த்த பிழைகளில், செல்லாத இடத்தில் நெடுக்கச் சூத்திரத்தைப் போட்டதுதான் அதிகம்.

அவற்றுக்குப் பதிலாக ஒரே ஒரு கருத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எறிந்த பொருளுக்கு இரண்டு இயக்கங்கள் இருக்கின்றன: ஒன்று கிடைமட்டம், மற்றொன்று செங்குத்து. கிடைமட்டத்தில் அதை இழுக்கவோ தள்ளவோ எதுவும் இல்லை (காற்றை இப்போதைக்கு ஒதுக்கி வைப்போம்). ஆகவே கிளம்பிய வேகத்திலேயே கடைசிவரை போகும். செங்குத்தில் புவியீர்ப்பு இருக்கிறது. மேலே போகும்போது ஒவ்வொரு வினாடியும் 9.8 மீ/வி வேகத்தைப் பிடுங்கிக்கொள்ளும். கீழே வரும்போது அதே அளவைக் கூட்டிக் கொடுக்கும். ஓர் இயக்கத்தில் நடப்பது மற்றதைத் தொடாது. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்றுதான். ஒரு பக்கத்தில் நேரத்தைக் கண்டுபிடித்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோவது, எறிபொருள் கணக்கு என்றால் பெரும்பாலும் அவ்வளவுதான்.

கேட்க எளிதாக இருக்கும் இந்தக் கருத்து, மனித குலத்துக்குக் கிடைக்க ரொம்ப நாள் ஆயிற்று. சீரான கிடைமட்ட இயக்கத்தையும் சீராக முடுக்கப்பட்ட செங்குத்து இயக்கத்தையும் சேர்த்தால் பாதை பரவளையம் ஆகும் என்பதை கலிலியோ 1638இல் அச்சில் நிறுவினார். அதற்கு முன்பு, பீரங்கிக் குண்டு நேர்கோட்டில் போய், கொஞ்சம் வளைந்து, பிறகு நேராகக் கீழே விழுவது போலப் படம் வரைந்தார்கள். இன்றும் முதல் நாள் வகுப்பில் எறிந்த பந்தின் பாதையை வரையச் சொன்னால், யாராவது ஒருவர் அதே படத்தை வரைவார். சிரிக்க வேண்டியதில்லை; உள்ளுணர்வு அப்படித்தான் சொல்கிறது.

சரி, கணக்கை எடுத்ததும் கை என்ன செய்ய வேண்டும்? படம் போடுங்கள். அழகாக வேண்டாம், பாதையும் தரையும் எறிந்த புள்ளியும் தெரிந்தால் போதும். எறிந்த புள்ளியை ஆதிப்புள்ளியாக வைத்து, மேல்நோக்கு நேர்க்குறி, கீழ்நோக்கு எதிர்க்குறி என்று தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். கீழ்நோக்கை நேர்க்குறியாக எடுத்தாலும் தப்பில்லை. நடுவில் மாற்றினால்தான் தப்பு. மேல்நோக்கை நேர்க்குறியாக எடுத்தவருக்கு, பந்து ஏறினாலும் இறங்கினாலும் முடுக்கம் எப்போதும் −9.8 தான். ‘கீழே வரும்போது குறியை மாற்ற வேண்டாமா?’ என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம். புவி எப்போதும் ஒரே பக்கம்தான் இழுக்கிறது.

அடுத்து, தாளை நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கிடைமட்டம், வலப்பக்கம் செங்குத்து. தெரிந்த ஒவ்வோர் எண்ணையும் அதற்குரிய பக்கத்தில் எழுதுங்கள். எறிகோணம் கிடைத்தளத்திலிருந்து அளக்கப்பட்டிருந்தால் கிடைமட்டக் கூறுக்குக் கொசைன், செங்குத்துக் கூறுக்குச் சைன். ‘செங்குத்துடன் 30 பாகை’ என்று கணக்கு சொன்னால் இரண்டும் இடம் மாறும். இதை விதியாக மனப்பாடம் செய்யாமல் படத்தில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள்: கோணத்தை ஒட்டியிருக்கும் பக்கத்துக்குக் கொசைன், எதிரே இருக்கும் பக்கத்துக்குச் சைன். வேகத்தை மணிக்கு 72 கிலோமீட்டர் என்று கொடுத்திருந்தால் அதை 20 மீ/வி ஆக்கிவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கால்குலேட்டர் பாகையில் இருக்கிறதா, ரேடியனில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சைன் 30 என்று போட்டு 0.5க்குப் பதில் −0.988 வந்தால் அது ரேடியனில் நிற்கிறது. நானே ஒரு தேர்வில் இதனால் ஒரு முழு வினாவை இழந்திருக்கிறேன்.

இனி எண்களோடு பார்ப்போம். கணக்கு சுலபமாக ஓட புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்று எடுத்துக்கொள்கிறேன், வினாவில் 9.8 என்றிருந்தால் 9.8தான்.

45 மீட்டர் உயரக் குன்றின் விளிம்பிலிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக 12 மீ/வி வேகத்தில் எறிகிறோம். எவ்வளவு தள்ளி விழும்? கிடைமட்டப் பக்கத்தில் 12 இருக்கிறது. செங்குத்துப் பக்கத்தில் தொடக்க வேகம் 0, இறங்க வேண்டிய தூரம் 45. செங்குத்துப் பக்கம் மட்டும் பேசினால் (5 என்பது முடுக்கம் 10இல் பாதி):

45 = 5 × நேரம்²

நேரம் 3 வினாடி. அதைக் கிடைமட்டப் பக்கம் கொண்டுபோனால் 12 × 3 = 36 மீட்டர். முடிந்தது.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு, 12ஐச் செங்குத்துப் பக்கத்தில் தொடக்க வேகமாகப் போட்டுவிடுவது. அப்போது 45 = 12 × நேரம் + 5 × நேரம்² என்றாகி, 2.03 வினாடி வரும். இது கல்லை நேராகக் கீழ்நோக்கி 12 மீ/வி வேகத்தில் எறிந்தால் ஆகும் நேரம். அதாவது வேறொரு கணக்கின் சரியான விடை! ‘கிடைமட்டமாக’ என்ற ஒரே சொல், செங்குத்துத் தொடக்க வேகம் சுழி என்ற தகவலைச் சத்தமில்லாமல் தருகிறது. வினாவில் எண்ணாக எழுதாத தகவல்களைத் தேடிப் பிடிக்கப் பழகுங்கள். ‘கைநழுவி விழுந்தது’ என்பதும் அப்படித்தான், ‘பாதையின் உச்சியில்’ என்பதும் அப்படித்தான்.

இப்போது உங்களுக்கு உதைக்கும் வகைக்கு வருவோம். 25 மீட்டர் உயரக் கோபுர உச்சியிலிருந்து, கிடைத்தளத்துக்கு மேலே 30 பாகை கோணத்தில், 40 மீ/வி வேகத்தில் ஒரு பந்தை எறிகிறோம். தரையில் எங்கே விழும்?

செங்குத்துக் கூறு 40 × 0.5 = 20 மீ/வி. கிடைமட்டக் கூறு 40 × 0.866 = 34.64 மீ/வி. நிறையப் பேர் இங்கே பயணத்தை இரண்டாக வெட்டுவார்கள்: முதலில் உச்சி வரை, பிறகு உச்சியிலிருந்து தரை வரை. அது தப்பில்லை. 20 மீ/வி வேகம் தீர 2 வினாடி ஆகும். அதற்குள் பந்து 20 மீட்டர் ஏறியிருக்கும். இப்போது அது தரையிலிருந்து 45 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து விழ 3 வினாடி. மொத்தம் 5 வினாடி.

ஆனால் வெட்டவே தேவையில்லை. இடப்பெயர்ச்சி என்பது தொடக்கத்தையும் முடிவையும் மட்டும் பார்க்கும். நடுவில் பந்து ஏறி இறங்கியது அதற்குத் தேவையில்லாத சமாச்சாரம். எறிந்த புள்ளி ஆதிப்புள்ளி என்றால் தரை −25இல் இருக்கிறது. ஆகவே ஒரே வரியில்:

−25 = 20 × நேரம் − 5 × நேரம்²

5ஆல் வகுத்து ஒரு பக்கம் கொண்டுவந்தால் நேரம்² − 4 × நேரம் − 5 = 0. இதன் மூலங்கள் 5, −1. எதிர்க்குறி விடையைத் தள்ளிவிட்டால் 5 வினாடி. நெடுக்கம் 34.64 × 5 = 173.2 மீட்டர்.

மனப்பாடச் சூத்திரத்தைப் போட்டிருந்தால் 138.6 மீட்டர் வந்திருக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் 34.6 மீட்டர், அதாவது சரியாக ஒரு வினாடியின் கிடைமட்டப் பயணம். பந்து 4ஆவது வினாடியில் எறிந்த மட்டத்துக்குத் திரும்பி வருகிறது. சூத்திரம் அங்கேயே கணக்கை முடித்துக்கொள்கிறது. பந்து இன்னும் காற்றில்தான் இருக்கிறது.

அந்த −1ஐப் பற்றி ஒரு வார்த்தை. ‘நேரம் எதிர்க்குறியாக இருக்காது, தள்ளு’ என்று சொல்லிவிடுவார்கள். தள்ளுவது சரிதான், ஆனால் அது குப்பை அல்ல. இதே பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால், எறிவதற்கு ஒரு வினாடி முன்பு பந்து தரை மட்டத்தில் இருந்திருக்கும். சமன்பாட்டுக்குக் கோபுரம் தெரியாது, கை தெரியாது. பரவளையம் −25 மட்டத்தை எங்கெல்லாம் வெட்டுகிறதோ அதை எல்லாம் சொல்லிவிடுகிறது. எது நம் கதையைச் சேர்ந்தது என்று பார்த்து எடுப்பது நம் வேலை. சில கணக்குகளில் இரண்டு மூலங்களும் நேர்க்குறியாகவே வரும்: பந்து 10 மீட்டர் உயரத்தைக் கடக்கும் நேரம் எது என்று கேட்டால், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. அங்கே எதையும் தள்ளக் கூடாது.

இதுவரை நேரத்தைச் செங்குத்துப் பக்கத்திலிருந்து எடுத்தோம். எப்போதும் அப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 25 மீ/வி வேகத்தில், சைன் 0.6, கொசைன் 0.8 ஆக இருக்கும் கோணத்தில் (ஏறக்குறைய 37 பாகை) தரையிலிருந்து ஒரு பந்தை உதைக்கிறோம். 40 மீட்டர் தள்ளி 9 மீட்டர் உயரச் சுவர். தாண்டுமா? கிடைமட்ட வேகம் 20, செங்குத்து வேகம் 15. சுவர் எங்கே இருக்கிறது என்பதுதான் தெரியும்; ஆகவே கடிகாரத்தைக் கிடைமட்டப் பக்கத்தில் படிக்க வேண்டும்: 40 ÷ 20 = 2 வினாடி. அந்த நேரத்தில் உயரம் 15 × 2 − 5 × 4 = 10 மீட்டர். ஒரு மீட்டர் இடைவெளியில் தாண்டுகிறது. அப்போதைய செங்குத்து வேகம் 15 − 20 = −5, அதாவது இறங்கிக்கொண்டே தாண்டுகிறது. எந்தப் பக்கத்தில் தெரியாத எண் நேரம் ஒன்று மட்டும்தானோ, அந்தப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ‘எங்கே தொடங்குவது’ என்ற உங்கள் கேள்விக்கு நேரடியான விடை இந்த ஒரு வரிதான்.

இதே கணக்கை எனக்குப் பிடித்த வேறொரு விதத்திலும் பார்க்கலாம். புவியீர்ப்பே இல்லையென்றால் பந்து எறிந்த திசையில் நேர்கோட்டில் போயிருக்கும். 2 வினாடியில் 40 மீட்டர் தள்ளி, 30 மீட்டர் உயரத்தில் இருந்திருக்கும். புவியீர்ப்பு அந்தக் கோட்டிலிருந்து பந்தை 5 × நேரம்² அளவுக்குக் கீழே இறக்குகிறது. 2 வினாடியில் 20 மீட்டர் இறக்கம். 30 − 20 = 10. பாதை எதுவானாலும், கோணம் எதுவானாலும், இறக்கம் முதல் வினாடி முடிவில் 5, இரண்டாவதில் 20, மூன்றாவதில் 45 மீட்டர். மரக்கிளையில் இருக்கும் குரங்கை நேராகக் குறிவைத்துச் சுடும் அதே கணத்தில் குரங்கு கிளையை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்ற பழைய கணக்கின் சூட்சுமமும் இதுதான். குண்டும் குரங்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு இறங்குகின்றன; ஆகவே, தரையைத் தொடுவதற்குள் குண்டு அந்தத் தூரத்தைக் கடந்துவிட்டால், குரங்கு தப்பாது. பாவம்தான்.

கோணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கணக்குகளில் ஒரு பொறி இருக்கிறது. சமதரையில் 20 மீ/வி வேகத்தில் எறிந்து 20 மீட்டர் தூரத்தில் விழ வைக்க வேண்டும். இங்கே எறிந்த மட்டமும் விழும் மட்டமும் ஒன்று என்பதால், ஒதுக்கி வைத்த நெடுக்கச் சூத்திரத்தைத் தாராளமாக வெளியே எடுக்கலாம். நெடுக்கம் = வேகம்² × இரட்டைக் கோணத்தின் சைன் ÷ 10 என்பதில் எண்களைப் போட்டால், இரட்டைக் கோணத்தின் சைன் 0.5 என்று வரும். கால்குலேட்டர் 30 பாகை என்று சொல்லும், நீங்கள் பாதியாக்கி 15 பாகை என்று எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் 150 பாகையின் சைனும் 0.5தான். ஆகவே 75 பாகையும் விடை. 15இல் எறிந்தால் சுமார் 1 வினாடியில் விழுந்துவிடும். 75இல் எறிந்தால் வானத்தைப் பார்த்துப் போய் 3.9 வினாடி கழித்து அதே இடத்தில் வந்து விழும். கூட்டினால் 90 வரும் இரண்டு கோணங்களுக்கு நெடுக்கம் ஒன்றே. இந்த இரண்டு விடைகளும் சேர்ந்து ஒன்றாகும் இடம் 45 பாகை. நெடுக்கம் பெருமமாவதும் அங்கேதான்.

அந்த 45ஐயும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது சமதரைக்கு மட்டும். மேலே சொன்ன 25 மீட்டர் கோபுரத்திலிருந்து 40 மீ/வி வேகத்தில் எறிந்தால், மிக அதிகத் தூரம் போகும் கோணம் சுமார் 41 பாகை, 183.3 மீட்டர் போகும். 45இல் எறிந்தால் 182 மீட்டர். வித்தியாசம் பெரிதில்லை, ஆனால் தேர்வில் ‘பெரும நெடுக்கம், எனவே 45’ என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். குண்டு எறியும் வீரர்களும் 45க்குக் கீழேதான் எறிகிறார்கள். குண்டு தோள் உயரத்துக்கு மேலிருந்து கிளம்புகிறது என்பது ஒரு காரணம். கோணம் கூடக் கூட ஒரு மனிதரால் கொடுக்க முடிந்த வேகம் குறைகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

உச்சியைப் பற்றி இரண்டு தப்பெண்ணங்கள் விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். உச்சியில் திசைவேகம் சுழி என்பது ஒன்று. செங்குத்துக் கூறு மட்டும்தான் சுழி. கோபுரக் கணக்கில் உச்சியிலும் பந்து 34.64 மீ/வி வேகத்தில் போய்க்கொண்டிருக்கிறது. நேராக மேல்நோக்கி எறிந்தால் மட்டுமே முழுதாக நிற்கும். உச்சியில் முடுக்கமும் சுழி என்பது இரண்டாவது, இதைவிட மோசமானது. முடுக்கம் சுழியானால் பந்து ஏன் கீழே வர வேண்டும்? அப்படியே நேர்கோட்டில் போய்விடுமே.

விழும் வேகத்தை மட்டும் கேட்டால் நேரத்தைத் தேடி அலைய வேண்டாம். ஆற்றல் அழிவின்மையைப் பயன்படுத்தினால், கோபுரக் கணக்கில் விழும் வேகத்தின் இருபடி 40² + 2 × 10 × 25 = 2100; வேகம் 45.8 மீ/வி. இதில் கோணமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கோணம் விழும் திசையை மாற்றும், வேகத்தை மாற்றாது. கணக்கை நீளமாகச் செய்து முடித்தபின் சரிபார்க்கவும் இது நல்ல வழி: 5ஆவது வினாடியில் செங்குத்து வேகம் 20 − 50 = −30, கிடைமட்டம் 34.64; 900 + 1200 = 2100. பொருந்துகிறது. எண்களை நடுவில் முழுமையாக்கிக்கொண்டே போனால் இந்தச் சரிபார்ப்பு சொதப்பும்; வர்க்கமூலத்தைக் கடைசிவரை அப்படியே வைத்திருங்கள்.

காற்றை ஒதுக்கி வைத்தோமே, அதற்கு என்ன நியாயம்? மெதுவாகப் போகும் கனமான உருண்டைக்கு இந்த விடைகள் நன்றாகவே பொருந்தும். இறகுப்பந்துக்குச் சுத்தமாகப் பொருந்தாது. அதன் பாதை பரவளையமே அல்ல. காற்றுத் தடை வேகத்தைச் சார்ந்து மாறுவதால், கிடைமட்டமும் செங்குத்தும் ஒன்றில் ஒன்று கலந்துவிடும். நம் இரண்டு பத்தித் தாள் அங்கே உதவாது. நிலவில் மட்டும் கவலையில்லை. 1971இல் அப்பல்லோ 14 பயணத்தில் ஆலன் ஷெப்பர்ட் நிலவில் கோல்ஃப் பந்துகளை அடித்தார். அங்கே காற்று இல்லை, ஈர்ப்பு முடுக்கம் 1.62தான். நம் சமன்பாடுகளில் 10ஐ அடித்துவிட்டு 1.62 போட்டால் போதும். சமதரை நெடுக்கம் ஆறு மடங்காகும்.

கடைசியாக ஒன்று செய்து பாருங்கள். அதே 25 மீட்டர் கோபுரம், அதே 40 மீ/வி, ஆனால் இந்த முறை கிடைத்தளத்துக்குக் கீழே 30 பாகை. படம், குறி, இரண்டு பத்தி என்று நீங்களே போட்டுவிட்டு வந்து ஒப்பிடுங்கள். செங்குத்துத் தொடக்க வேகம் −20 என்பதால் −25 = −20 × நேரம் − 5 × நேரம்² என்று வந்திருக்க வேண்டும்; மூலங்கள் 1, −5; பந்து ஒரே வினாடியில் 34.6 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். முதலில் 5, −1 வந்தது, இப்போது 1, −5. முதல் கணக்கில் 4ஆவது வினாடியில் பந்து எறிந்த மட்டத்துக்குத் திரும்பியபோது அதன் வேகம் என்னவாக இருந்தது, எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தது என்று எழுதிப் பாருங்கள். அந்த எண்கள் ஏன் இடம் மாறின என்பது தெரிந்துவிடும்.